அறிவியல் வகுப்பில் எனக்கும் இடமுண்டா? பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்து ஓராண்டுக்குள் வேறு துறைக்கு மாறிப்போகும் மாணவர்களைப் பற்றித் துறைக் கூட்டங்களில் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "அடிப்படை போதவில்லை." அமெரிக்காவில் ஏழு கல்வி நிறுவனங்களில் எலைன் செய்மூர், நான்சி ஹெவிட் என்ற ஆய்வாளர்கள் விலகியவர்களிடமும் நிலைத்தவர்களிடமும் விரிவாகப் பேசி, 1997இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். விலகியவர்கள் திறமையில் குறைந்தவர்களாக இல்லை. பாடம் நடத்தும் முறை, போட்டிச் சூழல், கைகொடுக்க ஆளில்லாமை என இரு தரப்பும் சொன்ன குறைகள்கூட ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஒரே மழையில் நனைந்தவர்களில் சிலர் மட்டும் ஏன் வீடு திரும்பிவிடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஒரு பதில் இது. முதல் தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கிய இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தன்னைப்போன்றவர்கள் நிறைந்த வகுப்பில் இருக்கிறார். "கேள்வித்தாள் கடினம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். மற்றவர் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்தவர், அல்லது இயற்பியல் வகுப்பில் இருக்கும் மூன்று பெண்களில் ஒருவர், அல்லது மாற்றுத்திறனாளி, அல்லது அந்தத் துறையில் தன் சமூகத்திலிருந்து ஒருவரையும் இதுவரை பார்த்திராதவர். அதே மதிப்பெண் அவருக்கு வேறொரு சந்தேகத்தைக் கிளப்புகிறது: "என்னைப்போன்றவர்களுக்கு இது ஒத்துவராதோ?" அதன்பின் ஆய்வகத்தில் கிடைக்காத ஒரு வணக்கமும், பதில் வராத ஒரு மின்னஞ்சலும்கூட அந்தச் சந்தேகத்துக்குச் சாட்சி சொல்கின்றன.

ஆகவே 'இது என் இடம்' என்ற உணர்வைப் பேசிப் புகட்ட முடியாது. வரவேற்பு விழா உரைகளில் எனக்கு நம்பிக்கையில்லாததும் அதனால்தான். வகுப்பின் அன்றாட ஏற்பாடுகளைப் பார்த்துத்தான் மாணவர் முடிவுக்கு வருகிறார். மாற்ற வேண்டியவை அந்த ஏற்பாடுகளே.

படி 1: பருவம் தொடங்கும் முன், உங்கள் பாடத்தைப் புதியவரின் கண்ணால் படியுங்கள்

கடந்த சில ஆண்டுகளின் மதிப்பெண் பட்டியலைப் பெயர்களை நீக்கி வாங்குங்கள். எந்தப் பிரிவு மாணவர்கள் எந்தக் கட்டத்தில் பின்தங்குகிறார்கள் என்று பாருங்கள். முதல் உள்தேர்வில் ஏற்பட்ட இடைவெளி அப்படியே நீடிக்கிறதா, செய்முறைத் தேர்வில் விரிகிறதா, அல்லது மதிப்பெண் நன்றாக இருந்தும் அடுத்த பாடத்தில் சேராமல் போகிறார்களா? மூன்றும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வேறு.

பிறகு மாணவர்களுக்குக் கொடுக்கும் பாடக் குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "சந்திப்பு நேரம்: செவ்வாய் 3 முதல் 4" என்று இருக்கும். எதற்காகச் சந்திப்பது? வீட்டில் யாரும் பல்கலைக்கழகம் போகாத மாணவர், ஏதாவது தவறு செய்தவர்களைக் கூப்பிட்டுக் கண்டிக்கும் நேரம் என்றுகூட அதைப் புரிந்துகொள்ளலாம். கெடு தேதியை நீட்டிக்கக் கேட்கலாமா, திருத்திய விடைத்தாளைப் பார்க்கலாமா, ஆசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதலாமா, எழுதினால் எப்படி விளிப்பது, ஆராய்ச்சிக் குழுவில் சேர யாரைக் கேட்பது? படித்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இவற்றை அண்ணனோ அத்தையோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மற்றவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரே பக்கத்தில், நேரடியான சொற்களில் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள்.

மதிப்பெண் முறையையும் பாருங்கள். வகுப்பில் முதல் சில பேருக்கு மட்டுமே உயர்ந்த தரம் என்று பங்கிட்டு வைத்தால், பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுப்பவர் தன் தரத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார். இன்ன அளவு கற்றால் இன்ன தரம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவது நல்லது.

கடைசியாக உங்களையே பாருங்கள். எலிசபெத் கானிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் 150 அறிவியல் ஆசிரியர்களையும் அவர்களிடம் படித்த 15,000க்கும் மேற்பட்ட மாணவர்களையும் எடுத்துக்கொண்டது. அறிவுத்திறன் பிறவியிலேயே தீர்மானிக்கப்பட்டது என்று நம்பிய ஆசிரியர்களின் வகுப்புகளில், இனச் சிறுபான்மை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி, அப்படி நம்பாதவர்களின் வகுப்புகளில் இருந்ததைவிட இரு மடங்கு வரை இருந்தது. "இந்தப் பாடம் சிலருக்குத்தான் வரும்" என்று நகைச்சுவையாகச் சொல்வதைக்கூட விட்டுவிடுங்கள்.

படி 2: முதல் இரண்டு வாரங்களில், சந்தேகம் எல்லோருக்கும் வரும் என்பதைக் காட்டுங்கள்

பெயர்களைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 200 பேர் இருக்கும் வகுப்பில் இயலாது என்றால், மேசைமேல் வைக்க மடித்த அட்டையில் அவரவர் பெயரை எழுதச் சொல்லுங்கள். அழைப்பதற்கு அது போதும்.

அடுத்தது மூத்த மாணவர்களின் அனுபவம். கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் 92 மாணவர்கள் பங்கேற்றார்கள். முதலாண்டில் 'நாம் இங்கே பொருந்துவோமா' என்ற கவலை எல்லாப் பின்னணி மாணவர்களுக்கும் வருவதுதான், நாளடைவில் அது குறையும் என்று மூத்தவர்கள் சொல்வதைப் படித்து, அதைத் தங்கள் சொந்த அனுபவத்தோடு சேர்த்து எழுதினார்கள். மொத்தம் ஒரு மணி நேரம்தான். மூன்றாண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது.

இதைக் கேட்டவுடன் ஒரு காணொளி தயாரித்து இணையத்தில் ஏற்றிவிடலாம் என்று தோன்றும். பொறுங்கள். 2023இல் வெளியான ஓர் ஆய்வில், 22 கல்வி நிறுவனங்களில் 26,911 மாணவர்களிடம் இதே முயற்சி பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. எந்த நிறுவனத்தில் ஒரு பிரிவு மாணவர்கள் உண்மையிலேயே வேரூன்ற வாய்ப்பு இருந்ததோ, அங்கேதான் அது பலன் தந்தது. கவலை தீரும் என்று சொல்லிவிட்டு, அது தீர வழியில்லாத இடத்தில் விட்டால் சொல் வெறும் சொல்லாகவே நிற்கும். இந்த வழிகாட்டியின் மற்ற படிகள் எல்லாம் அந்த வாய்ப்பை உண்டாக்குவதற்கானவையே.

செய்யும் முறை: இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஐந்தாறு பேரிடம் தலா அரைப்பக்கம் கேளுங்கள். பெரும்பான்மைப் பிரிவினரும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கவலை ஒரு சிலருக்கு மட்டுமே உரியது என்று ஆகிவிடும். மூன்று கேள்விகள் போதும்: தொடக்கத்தில் எது உறுத்தியது? என்ன செய்தீர்கள்? எது மாறியது? தங்கப்பதக்கம் வாங்கியவர்களின் வெற்றிக்கதைகள் வேண்டாம். இரவு பகலாக உழைத்து முதலிடம் பிடித்தவரைப் பார்த்து, திணறிக்கொண்டிருப்பவருக்கு ஆறுதல் வருவதில்லை. "முதல் இரண்டு மாதம் ஆய்வகத்தில் யாரிடமும் பேசவில்லை, பிறகு செய்முறைக் கணக்கு புரியாமல் பக்கத்து மேசையில் கேட்டேன், அவர்களுக்கும் புரிந்திருக்கவில்லை" என்பதுபோன்ற சாதாரண வாக்கியம்தான் வேலை செய்யும். படித்தபின், அடுத்த ஆண்டு வருபவர்களுக்குக் கடிதம் எழுதுவதாக எண்ணித் தங்கள் அனுபவத்தை எழுதச் சொல்லுங்கள். குறையுள்ளவர்களுக்கான சிகிச்சை என்ற சாயல் எங்கும் விழக்கூடாது. எல்லோரும் எழுத வேண்டும்.

படி 3: வகுப்பில் யார் பேசுகிறார்கள் என்பதைத் தற்செயலுக்கு விடாதீர்கள்

கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பள்ளி வகுப்பறைகளில் பதிவு செய்து காட்டினார். மூன்று நொடி காத்திருந்தாலே பதில்கள் நீண்டன, பேசுபவர்களின் எண்ணிக்கை கூடியது. பல்கலைக்கழக வகுப்பிலும் முயன்று பாருங்கள். அந்த மூன்று நொடி எவ்வளவு நீளம் என்பது முதல் நாள் தெரியும்.

அதைவிட உறுதியான வழி, வகுப்பின் அமைப்பையே மாற்றுவது. கேள்வியைத் திரையில் போடுங்கள். ஒரு நிமிடம் எல்லோரும் தனியாக எழுதட்டும். இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும். பிறகு, "இந்த வரிசையிலிருந்து ஒரு குழு, நீங்கள் பேசியதைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எழுதியதும் பேசியதும் கையில் இருப்பதால், முந்திக்கொண்டு கை தூக்கும் மூன்று பேரைத் தாண்டி மற்றவர்களின் குரலும் வரும். தியோபால்ட் குழுவினர் 2020இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இவ்வகைச் செயல்வழி வகுப்புகள் பிரதிநிதித்துவம் குறைந்த மாணவர்களின் தேர்வு மதிப்பெண் இடைவெளியை 33 சதவீதமும் தேர்ச்சி இடைவெளியை 45 சதவீதமும் குறைத்திருந்தன. ஆனால் வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை அதற்குக் கொடுத்த வகுப்புகளில்தான் இடைவெளி குறைந்தது. வாரத்துக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டு மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது.

"இது எளிதானது", "பள்ளியிலேயே படித்திருப்பீர்கள்" என்ற இரண்டு வாக்கியங்களையும் அகராதியிலிருந்து நீக்கிவிடுங்கள். புரியாதவர் அதற்குப்பின் வாய் திறக்கமாட்டார்.

படி 4: ஆய்வகத்தில் பியூரெட் யார் கையில் என்று பாருங்கள்

ஒருவரின் அறிவியல் அடையாளம் வளர மூன்று வேண்டும் என்று ஹெய்டி கார்லோன், ஏஞ்சலா ஜான்சன் இருவரும் 2007இல் எழுதினார்கள்: பாட அறிவு, அறிவியலைச் செய்துகாட்டும் திறன், அதை மற்றவர்கள் அங்கீகரிப்பது. கடைசி இரண்டும் ஒன்றாக நிகழும் இடம் ஆய்வகம். மாணவர்களை அதிகமாகக் காயப்படுத்தும் இடமும் அதுவே என்பது என் எண்ணம். விரிவுரைக் கூடத்தில் ஒதுங்கி உட்கார்ந்துவிடலாம். ஆய்வக மேசையில் ஒதுக்கப்படுவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

நான்கு பேர் தரம்பார்த்தல் சோதனை (நிறம் மாறும்வரை ஒரு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து அளப்பது) செய்யும் ஒரு மேசையைப் பத்து நிமிடம் கவனியுங்கள். ஒருவர் வந்ததும், கரைசலைத் துளித்துளியாக விடும் அளவுக் குழாயான பியூரெட்டைத் தாங்கியில் மாட்டி, குழாயைத் திறக்கும் கையை அங்கேயே வைத்துக்கொள்கிறார். இன்னொருவர் கூம்புக்குடுவையைச் சுழற்றுகிறார். மூன்றாமவர் அளவீட்டைச் சொல்கிறார். நான்காமவர், அழகான கையெழுத்து என்பதற்காகவோ வேறெதற்காகவோ, அட்டவணை போட்டு எண்களை எழுதுகிறார். முடிந்ததும் குடுவைகளைக் கழுவப் போகிறார். அந்த நான்காமவர் யார் என்று ஒவ்வொரு மேசையிலும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் உங்களுக்கே ஓர் ஒழுங்கு புலப்படலாம். இளஞ்சிவப்பு நிறம் நிலைக்கும் அந்தக் கடைசித் துளியை ஒருமுறைகூடத் தன் கையால் விடாமல், ரெக்கார்டு நோட்டில் முழு மதிப்பெண் வாங்கிப் பருவத்தை முடித்துவிட முடியும். யாருக்கும் தெரியாது.

இதற்கு மூன்று ஏற்பாடுகள்:

• குழுக்களை நீங்களே அமையுங்கள். "நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்" என்றால் நண்பர்கள் சேர்ந்துவிடுவார்கள். மீந்தவர்கள் மீந்தவர்களாகவே தெரிவார்கள். நிலஞ்சனா தாஸ்குப்தாவின் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு பேர் கொண்ட பொறியியல் குழுக்களில் ஒரே பெண்ணாக இருந்தவர்களைவிட, பெண்கள் பெரும்பான்மையாக இருந்த குழுவில் இருந்தவர்கள் கூடுதலாகப் பேசினார்கள். முதலாண்டு மாணவிகளுக்குச் சரிபாதிக் குழுவிலும் பதற்றம் குறைந்தது. ஆகவே குழுவுக்கு ஒருவர் என்று 'சமமாக' பங்கிடாதீர்கள். இரண்டு பேராவது சேர்ந்திருக்கட்டும். சில குழுக்களில் ஒருவரும் இல்லாமல் போனாலும் பரவாயில்லை.

• வேலைகளுக்குப் பெயர் வைத்துச் சுழற்றுங்கள்: கருவியை இயக்குபவர், அளவீடு எடுப்பவர், பதிவு செய்பவர், முடிவைக் கேள்வி கேட்பவர். யாருக்கு எந்த வாரம் எந்த வேலை என்று பலகையில் எழுதிவிடுங்கள். கழுவும் வேலைக்கும் முறை உண்டு.

• ஆய்வகப் பொறுப்பில் இருக்கும் ஆய்வு மாணவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். மாணவர் கேட்டதும் கருவியைத் தன் கையில் வாங்கிச் சரிசெய்து கொடுப்பது உதவிபோலத் தெரியும். "உன்னால் ஆகாது" என்று வாய்விட்டுச் சொல்வதற்கும் அதற்கும் வேறுபாடு குறைவு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் வழிகாட்டட்டும்.

சக்கர நாற்காலியில் வருபவருக்கு எட்டாத மேசை, நிறக்குருடு உள்ளவருக்குத் தெரியாத நிறமாற்றம், பெரிய அளவுகளில் மட்டுமே கிடைக்கும் கையுறைகள் ஆகியவற்றையும் பருவம் தொடங்கும் முன்பே பட்டியலிட்டுச் சரிசெய்துவிடுங்கள்.

படி 5: முதல் தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுக்கும் வாரம்

பலர் விலகுவதைப் பற்றி எண்ணத் தொடங்கும் வாரம் இது. விடைத்தாளில் சிவப்பு மையில் ஓர் எண்ணும் இரண்டு பெருக்கல் குறிகளும் மட்டும் இருந்தால், மீதியை மாணவர் தானே நிரப்பிக்கொள்வார். பெரும்பாலும் தனக்கு எதிராகவே.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. மனம் நோகக்கூடாதென்று குறைகளை மறைத்துப் பாராட்டினால், தன்னிடம் அதிகம் எதிர்பார்க்கவில்லை என்பதை மாணவர் உடனே கண்டுகொள்வார். கோஹன், ஸ்டீல், ராஸ் மூவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில் பலித்தது இந்த இரண்டும் அல்ல: கடுமையான விமர்சனத்தோடு, அளவுகோல் உயர்ந்தது என்பதையும், அதை எட்ட உங்களால் முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்வது. வெறும் விமர்சனத்தைவிடவும், விமர்சனத்தோடு பொதுவான பாராட்டைச் சேர்த்ததைவிடவும் அது ஊக்கமளித்தது.

நடைமுறையில் இப்படி எழுதலாம்: "இரண்டாம் கேள்வியில் சமன்பாட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அலகுகளை மாற்றாமல் எண்களைப் போட்டதால் விடை ஆயிரம் மடங்கு விலகியிருக்கிறது. நான்காம் கேள்வியில் விசைப்படமே இல்லை. படம் இல்லாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. நான் கறாராகத் திருத்துவதற்குக் காரணம் இந்தப் பாடத்தின் தரம்; உங்கள் முதல் கேள்வியைப் பார்த்தபின் நீங்கள் அதை எட்டுவீர்கள் என்று நம்புகிறேன். வியாழக்கிழமைக்குள் நான்காம் கேள்வியை மறுபடி போட்டுக் கொண்டுவாருங்கள்." கடைசி வாக்கியம்தான் முக்கியம். நம்புவதாகச் சொல்லிவிட்டு மறுவாய்ப்பு கொடுக்காவிட்டால் அது வெறும் முகமன்.

300 தாள்களுக்கு இப்படி எழுத இயலாது. தேர்ச்சிக் கோட்டுக்குக் கீழேயும் அதை ஒட்டியும் இருப்பவர்களுக்கு மட்டுமாவது எழுதுங்கள். வகுப்புக்குப் பொதுவாகச் சராசரியையும் அடிக்கடி நேர்ந்த மூன்று பிழைகளையும் அறிவியுங்கள். தன் பிழையை நாற்பது பேர் செய்திருக்கிறார்கள் என்பது பலருக்குப் பெரிய செய்தி.

படி 6: தனியாகப் படிப்பவர்களைச் சேர்த்துவையுங்கள்

1970களில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் நுண்கணிதத்தில் தோற்றார்கள். ஊக்கமில்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஆதரவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கணிதவியலாளர் யூரி ட்ரைஸ்மன் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். அந்தக் காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. சீன வம்சாவளியினர் வீட்டுப்பாடத்தை முடித்தபின் கூடி விடைகளை ஒப்பிட்டு, ஒருவரையொருவர் திருத்திக்கொண்டார்கள். கறுப்பின மாணவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனித்தனியாக. படிப்பு ஒருபுறம், நட்பு ஒருபுறம்.

ட்ரைஸ்மன் அவர்களுக்குத் துணைவகுப்பு வைக்கவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சிறு குழுக்களாகச் சேர்ந்து போடும் பட்டறையை நடத்தினார். சேர்வதே ஒரு பெருமை என்ற நிலை இருந்தது. தேர்ச்சி பெருமளவு உயர்ந்தது. 'பின்தங்கியோருக்கான சிறப்பு வகுப்பு' என்ற பெயர்ப்பலகை மாட்டும் துறைகள் இதை ஒருமுறை படிக்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது: வாரம் இருமுறை ஓர் அறையை ஒதுக்குங்கள், நல்ல கடினமான கணக்குகளைக் கொடுங்கள், எல்லோரையும் அழையுங்கள், ஆனால் தயங்குபவர்களைப் பெயர்சொல்லி அழையுங்கள்.

மூத்த வழிகாட்டிகளையும் அங்கேயே அறிமுகப்படுத்தலாம். பொறியியல் மாணவிகளிடம் டெனஹியும் தாஸ்குப்தாவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மூத்த மாணவி ஒருவர் வழிகாட்டியாகக் கிடைத்தவர்களுக்குத் துறைமீதான பிடிப்பும் தன்னம்பிக்கையும் குறையாமல் நின்றன. மதிப்பெண்ணில் அதன் பாதிப்பு இல்லை. பிடிப்புதான் அவர்களை நிறுத்தியது.

படி 7: ஆராய்ச்சி வாய்ப்பை அறிவிப்புப் பலகைக்குக் கொண்டுவாருங்கள்

"ஆர்வமுள்ளவர்கள் தாமாகவே வந்து கேட்பார்கள்" என்பது பல ஆய்வகங்களின் எழுதப்படாத விதி. கேட்கலாம் என்று தெரிந்தவர்கள்தான் வருவார்கள். இடங்களை அறிவியுங்கள், தகுதிகளை எழுதுங்கள், விண்ணப்பங்களை ஒரே அளவுகோலில், பெயரை மறைத்துப் பாருங்கள். காரணம் இருக்கிறது: 2012இல் வெளியிட்ட ஆய்வில் மாஸ்-ரகுசின் குழுவினர் 127 அறிவியல் பேராசிரியர்களுக்கு ஒரே விண்ணப்பத்தை அனுப்பினார்கள். சிலருக்கு ஜான், சிலருக்கு ஜெனிஃபர். பெயர் மட்டுமே வேறு. ஜானைக் கூடுதல் திறமைசாலி என்று மதித்துக் கூடுதல் ஊதியமும் தர முன்வந்தார்கள். பெண் பேராசிரியர்களும் அப்படியே செய்தார்கள்.

ஊதியமில்லாத ஆய்வகப் பயிற்சி, மாலையில் வேலைக்குப் போய்ப் படிக்கும் மாணவரை வாசலிலேயே நிறுத்திவிடும். பணம் தர வழியில்லை என்றால் அதைப் பாட மதிப்பீட்டுக் கணக்கில் (கிரெடிட்) சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது பாடத்தின் செய்முறை வகுப்பிலேயே விடை தெரியாத ஓர் உண்மையான ஆராய்ச்சிக் கேள்வியை வைத்துவிடுங்கள். எல்லோரும் செய்வார்கள்.

படி 8: பாடத்தில் வரும் முகங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் துறைகள் முதலில் செய்வதும் இதோடு நிறுத்திக்கொள்வதும் இதைத்தான். பல பின்னணி அறிவியலாளர்களின் படங்களைத் தாழ்வாரத்தில் மாட்டுவதைவிட, அவர்களின் வேலையைப் பாடத்துக்குள் கொண்டுவருவது மேல். நோய்த்தொற்று பற்றிய பாடம் வரும்போது அதை ஆராய்ந்தவரின் நேர்காணலைப் படித்து அரைப்பக்கம் எழுதும் வீட்டுப்பாடம் கொடுக்கலாம். மேதைகளை மட்டும் காட்டாமல், தற்போது வேலை செய்யும் சாதாரண ஆய்வாளர்களையும் காட்டுங்கள்.

படி 9: யாராவது புண்படப் பேசினால்

குழுவில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து, "நீங்கள் ஒதுக்கீட்டில் வந்தவர்தானே" என்கிறார். நீங்கள் கேட்டுவிட்டீர்கள். மௌனமாக இருந்தால் ஆமோதித்ததாகப் பொருள். நீண்ட சொற்பொழிவும் வேண்டாம். அது பாதிக்கப்பட்டவரை மேடையில் நிறுத்திவிடும். "இந்த ஆய்வகத்தில் அப்படிப் பேசுவதில்லை. மூன்றாவது அளவீடு எங்கே?" என்று சொல்லி வேலைக்குத் திரும்புங்கள். வகுப்பு முடிந்தபின் பேசியவரிடம் தனியாகவும், பாதிக்கப்பட்டவரிடம் தனியாகவும் பேசுங்கள். பாதிக்கப்பட்டவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "உங்கள் குழுவை மாற்ற வேண்டுமா, அல்லது அவரை மாற்ற வேண்டுமா?" என்பது. புகார் கொடுக்கும் வழியையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதா என்பது அவர் முடிவு.

படி 10: அளந்து பாருங்கள், யார் சுமக்கிறார்கள் என்றும் பாருங்கள்

மூன்றாம் வாரமும் பத்தாம் வாரமும் பெயரில்லாத சிறு கருத்துக்கணிப்பு எடுங்கள். "இந்த வகுப்பில் நான் இல்லாவிட்டால் யாராவது கவனிப்பார்கள்", "புரியாததைக் கேட்க எனக்குத் தயக்கமில்லை", "என் குழுவில் என் யோசனையை எடுத்துக்கொள்கிறார்கள்" என்பவைபோன்ற நான்கைந்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகளில் பதில். மொத்தச் சராசரியை மட்டும் பார்த்தால் நூறு பேரின் திருப்தியில் ஆறு பேரின் தனிமை மறைந்துவிடும், பிரிவுவாரியாகப் பாருங்கள். ஆனால் இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள பிரிவைத் தனியாகக் காட்டினால் அவர்கள் யார் என்று தெரிந்துவிடும். அங்கே எண்ணை விட்டுவிட்டு, வெளியாள் ஒருவரைக்கொண்டு நேரில் பேசவையுங்கள். கிடைத்ததை அடுத்த வாரமே வகுப்பில் சொல்லி, எதை மாற்றுகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். மாற்ற முடியாததற்குக் காரணம் சொல்லுங்கள்.

இந்த வேலை பெரும்பாலும் துறையில் இருக்கும் ஒரே பெண் பேராசிரியர் தலையிலோ, அதே சமூகத்திலிருந்து வந்த ஒரே விரிவுரையாளர் தலையிலோ விழும். குழுக்கள், புகைப்படங்கள், வழிகாட்டல், அழுதுகொண்டு வரும் மாணவர்கள் எல்லாம் அவர் அறைக்கே போகும். பதவி உயர்வின்போது கேட்பதோ ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையை. பருவத் தொடக்கத்தில் பணிப்பங்கீடு செய்யும்போதே இதற்கும் மணிக்கணக்கு எழுதி, அந்த அளவுக்கு அவருடைய ஒரு வகுப்பை வேறொருவருக்கு மாற்றிக் கொடுங்கள்.